இரட்டை எஞ்சின் படகைத் திருப்புவதும் ஜெட்டியில் அணைப்பதும்: நம் ஊர்ப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

நான் காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் வளர்ந்தவன். முதலில் பவர் டில்லர், அப்புறம் டிராக்டர், அப்புறம் லாரி. அதன் பிறகு கொச்சிக்குப் போய், அங்கிருந்து வளைகுடாவுக்குப் போய், பன்னிரண்டு வருடம் இரட்டை எஞ்சின் படகு ஓட்டினேன். நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலுக்கு ஆள் ஏற்றிப்போகும் படகு கொஞ்ச காலம், சுற்றுலாப் படகு கொஞ்ச காலம்.

ஊருக்குத் திரும்பியதிலிருந்து வாலாஜா, ஆற்காடு, குடியாத்தம், ஆம்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் படகு வேலைக்குக் கிளம்பும் முன் என்னைத் தேடி வருகிறார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலையும் எழுதி வைத்திருக்கிறேன். இங்கே படகு என்று நான் சொல்வது 25 முதல் 35 அடி நீளமுள்ள, உள்ளே இரண்டு டீசல் எஞ்சினும் அடியில் இரண்டு புரொப்பல்லரும் இரண்டு சுக்கானும் உள்ள படகை. வெளியே தொங்கும் எஞ்சின் உள்ள படகுக்குத் தனியாக ஒரு கேள்வி கீழே வரும். ஜெட்டி என்பது படகு வந்து அணைந்து நிற்கும் மேடை.

அண்ணா, ஒரு எஞ்சின்லயே படகு ஓடுமே, எதுக்கு ரெண்டு?

கரையிலிருந்து பத்துக் கிலோமீட்டர் தள்ளி ஒரு எஞ்சின் நின்றுபோனால் இறங்கித் தள்ள முடியாது. இன்னொன்று இருந்தால் மெதுவாகவாவது வீடு வந்து சேரலாம். இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம், இடுக்கான இடத்தில் படகைத் திருப்பும் வசதி. வேலையில் தினமும் கைகொடுப்பது இதுதான்.

ரெண்டு எஞ்சினை வெச்சு எப்படித் திருப்புறது? அப்ப ஸ்டியரிங் எதுக்கு?

இரட்டை மாட்டு வண்டியை நினைத்துக்கொள். வலது மாட்டைப் பிடித்து நிறுத்தி இடது மாட்டை ஓட்டினால் வண்டி வலப்பக்கம் திரும்பும். பவர் டில்லர் ஓட்டியவனுக்கு இன்னும் சுலபம்: வலது கைப்பிடியில் இருக்கும் கிளட்சைப் பிடித்தால் வலது சக்கரத்துக்குச் சக்தி போகாது, இடது சக்கரம் மட்டும் ஓடி வண்டியை வலப்பக்கம் திருப்பும். படகிலும் அதேதான். இடது எஞ்சினை மட்டும் முன்கியரில் போட்டால் மூக்கு வலப்பக்கம் போகும். அதோடு வலது எஞ்சினை ரிவர்ஸில் போட்டால், நின்ற இடத்திலேயே வலப்பக்கமாகச் சுற்றும்.

ஒரே ஒரு விதியை மனப்பாடம் செய்துகொள். ஒரு எஞ்சினை மட்டும் போட்டால், படகு எந்த முனையை முன்வைத்து நகர்கிறதோ அந்த முனை எஞ்சினுக்கு எதிர்ப்பக்கம் சாயும். முன்னே போகும்போது அந்த முனை மூக்கு, பின்னே வரும்போது வால். இடது எஞ்சின் முன்கியர் என்றால் மூக்கு வலப்பக்கம். வலது எஞ்சின் ரிவர்ஸ் என்றால் வால் இடப்பக்கம். இதைக் கீழே பல இடத்தில் ‘சாய்வு விதி’ என்று சொல்லப்போகிறேன்.

ஸ்டியரிங் வேகமாகப் போகும்போது வேலை செய்யும். சுக்கான் என்பது தண்ணீருக்குள் நிற்கும் ஒரு பலகை. அதன்மேல் தண்ணீர் வேகமாக ஓடினால்தான் படகைத் திருப்பும். ஜெட்டி அருகே மெதுவாக வரும்போது அதற்குப் பலம் மிகக் குறைவு, ரிவர்ஸில் அதைவிடக் குறைவு. அதனால் ஜெட்டி வந்ததும் ஸ்டியரிங்கை நேராக வைத்துவிட்டு, இரண்டு கையையும் இரண்டு கியர்மேல் வை.

எனக்கு கார் ஓட்டத் தெரியும். படகு அதே மாதிரிதானே?

இல்லை. கார் தெரிந்தவனுக்குத்தான் முதல் வாரம் கஷ்டம். காரில் முன்சக்கரம் திரும்பும், பின்பக்கம் அதன் பின்னாலேயே வரும். படகில் தள்ளுவது பின்னாலிருந்து. முன்னே போகும் படகு, மூக்கிலிருந்து சுமார் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஒரு அச்சாணி அடித்தது போல அதைச் சுற்றித் திரும்பும். மூக்கு கொஞ்சம் உள்ளே போகும், வால் நிறைய வெளியே வீசும். பேருந்து நிலையத்தில் நீளமான பஸ் திரும்பும்போது பின்பக்க மூலை வெளியே வீசுவதைப் பார்த்திருப்பாய். அதைவிடப் பல மடங்கு என்று வைத்துக்கொள். பக்கத்தில் நிற்கும் படகை மூக்கு தாண்டியாயிற்று என்று நம்பித் திருப்பினால் வால் போய் இடிக்கும். ரிவர்ஸில் வரும்போது அந்த அச்சாணி பின்பக்கம் நகர்ந்துவிடும், அப்போது வீசுவது மூக்கு.

இன்னொன்று, பிரேக் கிடையாது. நியூட்ரலில் போட்டாலும் படகு வழுக்கிக்கொண்டே போகும். திரும்பிய பிறகும் பழைய திசையில் கொஞ்சம் சறுக்கும். சேற்று வயலில் டிராக்டர் சறுக்குமே, அந்த உணர்வு இருந்தால் படகு சீக்கிரம் பிடிபடும்.

எவ்வளவு ஸ்பீடுல ஜெட்டிக்கு வரணும்?

நடக்கிற வேகத்துக்கும் கீழே. படகில் வேகத்தை நாட் கணக்கில் சொல்வார்கள். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர். ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இரண்டு எஞ்சினையும் கியரில் போட்டாலே பல படகுகள் ஜெட்டிக்கு அதிகமான வேகத்தில் போகும். அதனால் ஒரு எஞ்சினை மட்டும் போடு. கொஞ்சம் தள்ளும், நியூட்ரல். வழுக்கட்டும். வேகம் செத்ததும் மற்ற எஞ்சினைப் போடு, மறுபடி நியூட்ரல். இப்படி மாற்றி மாற்றிப் போட்டால் படகு நேராகவும் வரும், மெதுவாகவும் வரும்.

புதிதாக வருகிறவர்கள் நியூட்ரலில் விட பயப்படுகிறார்கள், கை சும்மா இருந்தால் படகு கையை விட்டுப் போய்விடும் என்று. நல்ல ஓட்டுநர் ஜெட்டிக்கு வரும்போது பார், பாதி நேரத்துக்கு மேல் அவருடைய இரண்டு கியரும் நியூட்ரலில் இருக்கும்.

முன்கியர்ல இருந்து டக்குனு ரிவர்ஸ் போட்டா இன்னா ஆவும்?

கியர்பாக்ஸ் உடையும், இல்லை எஞ்சின் திணறி நின்றுபோகும். ஜெட்டிக்குப் பத்தடியில் எஞ்சின் நின்றால் உன் நிலைமையை யோசித்துக்கொள். நியூட்ரலில் நிறுத்தி மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணு, பிறகு போடு.

ரிவர்ஸ் போட்டா வால் ஒரு பக்கமா இழுக்குதே, ஏன்?

புரொப்பல்லர் சுற்றும்போது தண்ணீரைப் பின்னால் தள்ளுவதோடு கொஞ்சம் பக்கவாட்டிலும் தள்ளுகிறது. முன்கியரில் போகும்போது சுக்கான் பிடிப்பதால் அது தெரியாது. ரிவர்ஸில் நன்றாகத் தெரியும். முன்கியரில், பின்னாலிருந்து பார்த்தால் கடிகாரம் போல வலஞ்சுற்றும் புரொப்பல்லர், ரிவர்ஸில் வாலை இடப்பக்கம் இழுக்கும்.

இரட்டை எஞ்சின் படகுகளில் பெரும்பாலும் வலது புரொப்பல்லர் வலஞ்சுற்றும், இடது புரொப்பல்லர் இடஞ்சுற்றும். இரண்டையும் ஒரே அளவில் ரிவர்ஸில் போட்டால் ஒன்றின் இழுப்பை மற்றது அடித்துவிடும், படகு நேராக வரும். ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் போட்டுச் சுற்றும்போது இரண்டு இழுப்பும் ஒரே பக்கம் சேர்ந்து சுற்றலுக்கு உதவும். ஆனால் எல்லாப் படகும் இப்படி இல்லை. புதுப் படகில் ஏறினால் முதல் வேலையாக, யாரும் இல்லாத திறந்த நீரில் நிறுத்தி, ஒவ்வொரு எஞ்சினாக ரிவர்ஸ் போட்டு வால் எங்கே போகிறது, எவ்வளவு போகிறது என்று பார்த்துவிடு.

ஒரே இடத்துல சுத்தச் சொன்னீங்க. ஆனா சுத்தச் சுத்த படகு முன்னாடி நகர்ந்துட்டே போவுதே?

புரொப்பல்லரின் இதழ் முன்னே தள்ளத்தான் வளைக்கப்பட்டிருக்கிறது, அதனால் ரிவர்ஸில் பலம் குறைவு. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் முன்கியர் எஞ்சின் ஜெயிக்கும். ரிவர்ஸில் இருக்கும் எஞ்சினுக்கு மட்டும் கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடு. அல்லது முன்கியர் எஞ்சினை நடுநடுவே நியூட்ரலுக்கு எடு. எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். சத்தம் குறைவு, தப்பும் குறைவு.

காத்து அடிச்சா மட்டும் என் கையில படகு நிக்க மாட்டேங்குது. இன்னா பண்றது?

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் பக்கத்துப் பேச்சு. இந்த அளவுப் படகு எம்மாத்திரம்? தண்ணீருக்கு மேலே சுவர் போல நிற்கும் உடம்பு, கீழே கொஞ்சம்தான். அதிலும் மூக்குப் பக்கம் லேசானது, தண்ணீரில் ஆழமாக இறங்காதது. அதனால் காற்று முதலில் மூக்கைத்தான் தள்ளும். நியூட்ரலில் விட்டால் மூக்கு காற்றின் போக்கில் விலகி, படகு காற்றுக்குக் குறுக்காகப் படுத்துவிடும். இது உன் கையின் குற்றம் இல்லை, படகின் சுபாவம். தெரிந்துகொண்டால் அதையே உதவியாக வைத்துக்கொள்ளலாம்.

எப்படி என்றால், ஓர் இடத்தில் காத்திருக்க வேண்டுமானால் வாலைக் காற்றைப் பார்க்க வைத்து, அவ்வப்போது ரிவர்ஸ் தட்டிக்கொண்டு நில். கனமான பக்கம் காற்றை எதிர்த்து நிற்கும், லேசான மூக்கு கொடி போலப் பின்னால் தொங்கும். மூக்கைக் காற்றுக்கு எதிரே வைத்து நிற்கப் பார்த்தால் நொடிக்கொரு தரம் போராட வேண்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை: வால் தாழ்வான படகில் அலை இருக்கும்போது இப்படி நிற்காதே, தண்ணீர் உள்ளே ஏறும்.

நீரோட்டமும் இருந்தால், காற்று, நீரோட்டம் இரண்டில் எது பலமோ அதற்கு எதிராக ஜெட்டியை நெருங்கு. எதிர்த்து வரும்போது மெதுவாக வந்தாலும் படகு உன் சொல் கேட்கும், நிறுத்துவதும் சுலபம். கூடவே போனால் அதுவும் சேர்ந்து தள்ளும். எது பலம் என்று எப்படித் தெரியும்? ஜெட்டிக்கு நூறடி முன்னால் இரண்டையும் நியூட்ரலில் போட்டு அரை நிமிடம் சும்மா நில். படகு எந்தப் பக்கம் நகர்கிறதோ அதுதான் பதில். கொடி, புகை, கட்டியிருக்கும் மற்ற படகுகள் எந்தப் பக்கம் கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கின்றன, தூண்களைச் சுற்றித் தண்ணீர் எப்படி ஓடுகிறது, இவையும் சொல்லும். அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடிக்கப்போய் படகை உடைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஜெட்டி இடது பக்கம் கீதுன்னு வெச்சுக்கலாம். முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் ஒவ்வொண்ணா சொல்லுங்க.

தூரத்திலேயே இடப்பக்க ஃபெண்டர்களை, அதாவது இடி தாங்கும் மெத்தைகளை, தொங்கவிடு. பழைய டயரானாலும் சரி. உயரம் ஜெட்டிக்குச் சரியாக இருக்கட்டும். முன் கயிறு, நடுக் கயிறு, பின் கயிறு மூன்றும் சிக்கில்லாமல் கையருகே இருக்கட்டும். உதவியாளிடம் எந்தக் கயிறு முதலில் என்று இப்போதே சொல்லிவிடு. ஜெட்டிக்குப் பக்கத்தில் வந்து கத்தினால் எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. பிறகு, மேலே சொன்ன அரை நிமிடச் சோதனை.

காற்று அமைதி என்றால் ஜெட்டிக்கு 20 முதல் 30 டிகிரி சாய்வாக வா. மூக்கு, நீ கட்டப்போகும் இடத்தின் நடுவைப் பார்க்கட்டும். ஒரு எஞ்சின், நியூட்ரல், மறு எஞ்சின், நியூட்ரல். ஒரு படகு நீளம் மிச்சம் இருக்கும்போது எல்லாம் நியூட்ரல். மூக்கு ஜெட்டிக்கு நாலைந்து அடி வந்ததும் வலது எஞ்சினை, அதாவது ஜெட்டிக்கு எதிர்ப்பக்க எஞ்சினை, ரிவர்ஸில் போடு. சாய்வு விதிப்படி வால் இடப்பக்கம், ஜெட்டியை நோக்கி வரும். மூக்கு ஜெட்டியிலிருந்து விலகும். அதே சமயம் படகு நிற்கவும் செய்யும். ஒரே கியர், மூன்று வேலை. படகு ஜெட்டிக்கு இணையாக வந்து நின்றதும் நியூட்ரல். இதை முதல்முறை சரியாகச் செய்த அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

காற்று ஜெட்டியை நோக்கித் தள்ளினால், நாலைந்து அடி தள்ளி இணையாக நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொள். காற்றே கொண்டுவந்து சேர்க்கும். மூக்கு முந்திக்கொண்டு வந்தால் வலது எஞ்சின் ரிவர்ஸை ஒரு தட்டுத் தட்டு. காற்று ஜெட்டியிலிருந்து விலக்கினால் சாய்வைக் கூட்டு, 40 டிகிரி வரை. முதல் கயிறு சட்டென்று போயாக வேண்டும், இல்லாவிட்டால் மூக்கு பறந்துவிடும். கயிறு தவறிவிட்டதா? விட்டுவிடு. ரிவர்ஸில் வெளியே வந்து முதலிலிருந்து தொடங்கு. இரண்டாவது முறை வருவதில் எந்த அவமானமும் இல்லை.

ஜெட்டி வலது பக்கம்னா?

மேலே இடது என்று இருக்கும் இடத்தில் வலது, வலது என்று இருக்கும் இடத்தில் இடது. வேறு மாற்றம் இல்லை.

கயிறு போடுறவன் எப்ப குதிக்கணும்?

குதிக்கவே கூடாது. படகு நின்ற பிறகு, ஒரு சாதாரண அடியெடுத்து இறங்கட்டும். அது முடியவில்லை என்றால் ஓட்டுகிறவன் தன் வேலையை முடிக்கவில்லை என்று அர்த்தம்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. என் முதல் வருடத்தில், ஒரு கம்பெனிப் படகில், நான் கொஞ்சம் வேகமாக வந்துவிட்டேன். கயிற்றோடு நின்றவன் திண்டிவனம் பக்கத்துப் பையன். படகு இடிக்காமல் இருக்கக் காலை நீட்டித் தள்ளப் பார்த்தான். மூன்று டன்னுக்கு மேல் எடை, மெதுவாகத்தான் வந்தது, ஆனால் நிற்கவில்லை. இரண்டு விரல் நசுங்கிப்போயின. அவன் ஊருக்குத் திரும்பும்போது என்னிடம் ஒரு கோபமும் காட்டவில்லை, எனக்கு இன்றைக்கும் அது வலிக்கிறது. படகுக்கும் ஜெட்டிக்கும் நடுவில் கை கால் எதையும் கொண்டுபோகாதே. ஃபெண்டர் நசுங்கட்டும், பெயிண்ட் போகட்டும்.

முதல் கயிறு நடுக்கயிறாக இருந்தால் நல்லது. படகின் நடுவிலிருந்து பின்னோக்கி ஜெட்டித் தூணுக்குப் போகும் கயிறு. ஜெட்டி இடப்பக்கம் என்றால், அதைக் கட்டிவிட்டு வலது எஞ்சினை மெதுவாக முன்கியரில் போட்டால், படகு முன்னே போகவும் முடியாமல் ஜெட்டியோடு ஒட்டி நிற்கும். மூக்கு ரொம்ப உள்ளே வந்தால் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் ஒடி. அப்புறம் நிதானமாக மற்ற இரண்டைக் கட்டலாம். கயிறு கட்டும் இரும்புக் கொம்பில் கட்டும்போது முதலில் ஒரு முழுச் சுற்று, பிறகு எட்டு வடிவம், கடைசியில் ஒரு மடிப்பு. கயிறு தண்ணீரில் விழுந்துவிட்டால் உடனே இரண்டு கியரும் நியூட்ரல், எடுத்து முடிக்கும் வரை தொடாதே. புரொப்பல்லரில் கயிறு சுற்றினால் அன்றைய பிழைப்பு போச்சு.

கிளம்பும்போது காத்து ஜெட்டி மேலயே அழுத்துது. எப்படி விலகுறது?

தள்ளிவிட்டுக் கிளம்பலாம் என்று பார்க்காதே. மூக்கை முதலில் வெளியே எடுக்கவும் பார்க்காதே, காற்று திரும்பக் கொண்டுவந்து அறையும். வாலை முதலில் வெளியே எடு. இடப்பக்கம் ஜெட்டி என்று வைத்துக்கொள்வோம். மூக்குப் பக்கக் கொம்பிலிருந்து பின்னோக்கி ஜெட்டித் தூணைச் சுற்றிக் கயிற்றைத் திரும்பப் படகுக்கே கொண்டுவா. இரண்டு முனையும் உன் படகில் இருக்க வேண்டும், முனையில் முடிச்சு இருக்கக் கூடாது. மூக்கில் பெரிய ஃபெண்டர் ஒன்று. மற்றக் கயிறுகளை அவிழ்த்துவிட்டு வலது எஞ்சினை முன்கியரில் மெதுவாகப் போடு. சாய்வு விதிப்படி மூக்கு ஜெட்டியில் அழுந்தும், வால் வெளியே வரும். 40 டிகிரி போல வந்ததும் நியூட்ரல், ஒரு முனையை விட்டு மறுமுனையை உருவி எடு, கயிறு முழுக்க மேலே வந்ததைக் கண்ணால் பார், பிறகு இரண்டு எஞ்சினும் ரிவர்ஸ்.

ரெண்டு படகு நடுவுல சந்து. அதுல பின்பக்கமா நுழையணும். ஐயோன்னு இருக்குது.

லாரியை ரிவர்ஸ் எடுத்தவனுக்கு ஐயோ எதற்கு? சந்துக்கு எதிரே நிறுத்து. ஒரே இடத்தில் சுற்றி வாலைச் சந்தின் பக்கம் கொண்டுவா. திரும்பி நின்று, கண் பின்பக்கம், கை கியர்மேல், ஸ்டியரிங் நேராக. இரண்டையும் ரிவர்ஸில் தட்டித் தட்டி வா. வால் படகின் இடப்பக்கம் போக வேண்டுமா, இடது எஞ்சினை நியூட்ரலுக்கு எடு, வலது மட்டும் ரிவர்ஸ். அதே சாய்வு விதி. காற்று சந்துக்குள்ளிருந்து உன்னை நோக்கி அடித்தால் அதிர்ஷ்டம், ஏன் என்று காற்றுக் கேள்வியில் சொல்லியிருக்கிறேன். குறுக்குக் காற்று என்றால் காற்று வரும் பக்கத்தில் இருக்கும் படகை ஒட்டினாற்போல நுழை. நீ நுழைவதற்குள் காற்று உன்னை நடுவுக்குத் தள்ளியிருக்கும்.

ஒரு எஞ்சின் செத்துப்போச்சுன்னா எப்படி ஜெட்டிக்கு வர்றது?

வலது மட்டும் ஓடுகிறது என்று வைத்துக்கொள். முன்னே போகும்போது மூக்கு இடப்பக்கமே இழுக்கும், ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் பிடித்து நேராக்க வேண்டும். இடப்பக்கம் சுலபமாகத் திரும்பும், வலப்பக்கம் மெதுவாக வந்தால் திரும்பவே மறுக்கும். அதனால் துறைக்குள் நுழையும் முன்பே, இடத்திருப்பமாக மட்டும் வரும்படி பாதையை யோசித்துக்கொள்.

ஜெட்டியை எந்தப் பக்கம் வைப்பது? செத்த எஞ்சின் பக்கம். அப்போது ஓடும் எஞ்சின் ஜெட்டிக்கு எதிர்ப்பக்கம் இருக்கும், ரிவர்ஸ் போட்டால் வால் ஜெட்டிக்கு வரும். மேலே சொன்ன அதே முறைதான். மாற்றிப் போனால் ரிவர்ஸ் போட்டு நிறுத்தும் நேரத்தில் வால் வெளியே ஓடும். நல்ல நாளிலேயே ஒரு எஞ்சினை நியூட்ரலில் விட்டு இதைப் பத்துமுறை பழகிவிடு. எஞ்சின் நிற்கும் நாள் பெரும்பாலும் காற்று அடிக்கும் நாளாகத்தான் இருக்கும்.

பின்னாடி ரெண்டு எஞ்சின் தொங்குற படகுக்கும் இதேதானா?

முக்கால்வாசி இதேதான். ஆனால் அவுட்போர்டு எஞ்சின்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நுகத்தடி சின்னதாக இருந்தால் மாடு இழுத்துத் திருப்புவது கடினம் இல்லையா? அது போல, ஒன்று முன்னே ஒன்று பின்னே போட்டுச் சுற்றும் பலம் இதில் குறைவு. அதற்குப் பதிலாக இன்னொரு வசதி: சுக்கான் இல்லை, எஞ்சினே திரும்புகிறது. ரிவர்ஸிலும் ஸ்டியரிங் வேலை செய்யும். ஸ்டியரிங்கை ஜெட்டிப் பக்கம் ஒடித்துவிட்டு ரிவர்ஸ் போட்டால் வால் ஜெட்டிக்கு வரும். முதலில் ஸ்டியரிங், பிறகு கியர். இந்த வரிசை மாறினால் ஒடிப்பதற்குள் படகு வேறு எங்கோ தள்ளப்பட்டிருக்கும்.

இந்தப் படகுகளில் ஓட்டுகிறவன் உடம்போடு மாட்டிக்கொள்ளும் சிவப்புச் சுருள் கயிறு இருக்கும். நீ விழுந்தால் அது இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும். கட்டாயம் மாட்டு. ஓட்டுகிறவன் தண்ணீரில் விழுந்து, ஆளில்லாத படகு வட்டமடித்து அவன்மேலேயே வருவது நடக்கிற விஷயம்.

இப்பதான் ஜாய்ஸ்டிக் வந்துருச்சே. இதெல்லாம் எதுக்குக் கத்துக்கணும்?

ஜாய்ஸ்டிக், அதாவது ஒரே குச்சியால் படகை எல்லாப் பக்கமும் நகர்த்தும் கருவி, அதுவும் உள்ளே இதையேதான் கம்ப்யூட்டர் மூலம் செய்கிறது. நீ போகும் கம்பெனியில் அது இருக்கும் என்பது நிச்சயமில்லை, இருந்தாலும் ஒருநாள் பழுதாகும்.

ஒரு சீனியர் படகை அப்படியே பக்கவாட்டுல நகர்த்துனாரு. எப்படி?

முதல் ஆறு மாதம் இதைத் தொடாதே. ஜெட்டி வலப்பக்கம் என்றால், ஸ்டியரிங்கை முழுக்க இடப்பக்கம் ஒடி. இடது எஞ்சின் முன்கியர், வலது எஞ்சின் ரிவர்ஸ். சுக்கான் வாலை வலப்பக்கம் தள்ளும், எஞ்சின்கள் மூக்கை வலப்பக்கம் இழுக்கும். இரண்டும் சமமாக அமைந்தால் படகு நண்டு போல வலப்பக்கம் நகரும். சமம் வருவது படகுக்குப் படகு மாறும், கை பழகித்தான் வரும். பெரிய சுக்கான் உள்ள படகில் நன்றாக வரும், சில படகில் வரவே வராது.

எதிர்ல படகு வந்தா ரோட்டுல மாதிரி இடது பக்கம் ஒதுங்கணுமா?

கூடவே கூடாது. சாலையில் நமக்கு இடது, தண்ணீரில் உலகம் முழுக்க வலது. நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். குறுக்கே வரும் படகு உன் வலப்பக்கத்தில் இருந்தால் நீதான் வழிவிட வேண்டும். இவை 1972-ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகள். இரவில் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. ஹாரன் ஒருமுறை சுருக்கமாக அடித்தால் வலப்பக்கம் திரும்புகிறேன், இருமுறை என்றால் இடப்பக்கம், மும்முறை என்றால் எஞ்சின் ரிவர்ஸில் இருக்கிறது. லாரி ஓட்டியவர்கள் அவசரத்தில் பழக்கதோஷத்தால் இடப்பக்கம் ஒடித்துவிடுவார்கள். நானும் லாரியிலிருந்து வந்தவன்தான், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

ஜெட்டி கிட்ட வந்தவுடனே பயணிகள் எல்லாம் எழுந்து ஒரே பக்கம் வந்துடறாங்க. பரவாயில்லையா?

விடவே விடாதே. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் குவிந்தது காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. ஜெட்டி அருகே ஆட்கள் எழுந்து நின்றால் எடை மேலே ஏறுகிறது, ஒரே பக்கம் வந்தால் படகு சாய்கிறது, நீ பார்க்க வேண்டிய இடமும் மறைகிறது. கிளம்பும்போதே சொல்லிவிடு: கயிறு கட்டி, நான் சொன்ன பிறகுதான் எழ வேண்டும், லைஃப் ஜாக்கெட்டை இறங்கிய பிறகுதான் கழற்ற வேண்டும். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

பாலாத்துல வெள்ளம் வந்தப்போ ரப்பர் படகு பார்த்தேன். அதுல ஒரு எஞ்சின்தானே, அதுக்கு இது உதவுமா?

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதை நம் மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆவது பட்டாலியன் இருக்கிறது. அவர்கள் காற்றடைத்த ரப்பர் படகில் ஒரு அவுட்போர்டு மாட்டித்தான் போவார்கள். அதில் சாய்வு விதி கிடையாது. கையால் பிடிக்கும் கம்பியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் போகும், அதுவே முதல் குழப்பம். ஆனால் நீரோட்டத்தை எதிர்த்து நெருங்குவது, நியூட்ரலில் நின்று பார்ப்பது, காலை நடுவில் விடாமல் இருப்பது, எல்லாம் பொருந்தும். ஒன்று கூடுதலாக: ஆளை ஏற்றும்போது எஞ்சின் நியூட்ரலில் இருக்க வேண்டும், புரொப்பல்லர் அவர் பக்கம் வரவே கூடாது.

நம்ம ஊர்லயே பழக முடியுமா? எங்க படிக்கணும்?

ஏலகிரி புங்கனூர் ஏரியில் துடுப்புப் படகு, மிதி படகு ஓட்டிப் பார். சிரிக்காதே. காற்று மூக்கைத் தள்ளுவதும் நிறுத்த முடியாமல் வழுக்குவதும் அதிலேயே புரியும். முறையாகப் படிக்க, கோவாவில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் இருக்கிறது. மோட்டார் படகு ஓட்டவும் உயிர் காக்கவும் அங்கே பயிற்சி உண்டு. வளைகுடாவில் ஆர்.ஒய்.ஏ. (பிரிட்டனின் ராயல் யாட்டிங் அசோசியேஷன்) பவர்போட் லெவல் 2 சான்றிதழுக்கு மதிப்பு இருக்கிறது, இரண்டு நாள் பயிற்சி. உள்நாட்டு நீர்வழியில் இயந்திரப் படகு ஓட்ட, 1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் பொருந்தும். படகுக்குப் பதிவு, சோதனை, ஓட்டுபவருக்குத் தகுதிச் சான்று எல்லாம் அதில் வரும். சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் ஏஜெண்டிடம் போகாதே.

தம்பி, என் பையன் வேலைக்குப் போறேன்னு நிக்கிறான். அவனுக்கு நீச்சலே தெரியாது. அனுப்பலாமா?

இதைக் கேட்டவர் மேல்பாடியில் இருந்து வந்த ஒரு அம்மா. அக்கா, இப்போதைக்கு அனுப்பாதீர்கள். லைஃப் ஜாக்கெட் இருக்கிறதே என்று அவன் சொல்வான். ஜாக்கெட் மிதக்க வைக்கும், பயத்தைப் போக்காது. தண்ணீரைக் கண்டு பயப்படுகிறவன் ஜெட்டி அருகே அவசரப்படுவான், கியரை மாற்றிப் போடுவான், கூட இருப்பவனின் காலுக்கும் ஆபத்து.

மூன்று மாதம் கொடுங்கள். மழை முடிந்ததும் எங்கள் கிணற்றில் தண்ணீர் படி வரைக்கும் நிற்கும். தினமும் விடியற்காலை ஆறு மணிக்கு அனுப்புங்கள், என் பையன்களும் அப்போதுதான் இறங்குவார்கள். சட்டை பேண்டோடு குதித்து கால் மணி நேரம் மிதக்க வரட்டும். அதற்கு அப்புறம் கியரைப் பற்றி நானே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன்.